வீடில்லாத நண்டோடு காரைக்கு ஒரு பயணம்

ஒரு காலத்தில் கடல் இருந்த இடம் என்று எல்லோரும் சொல்லும், பெரம்பலூர் பக்கத்துக் காரை கிராமத்துக்குப் போன பிப்ரவரியில் போய் வந்தோம். சுற்றிப் பார்க்க அல்ல. ஒரு நண்டுக்கு அவசரமாகச் சங்கு தேடி. சிரிக்காதீர்கள்.

காலாண்டு விடுமுறையில் தரங்கம்பாடி போனபோது, என் ஐந்து வயது மகள் யாழினி ஒரு சங்கு நண்டை டப்பாவில் போட்டு அரியலூரில் எங்கள் வீடு வரை கொண்டுவந்துவிட்டாள். காலிச் சங்குக்குள் குடியிருந்து, அதையே முதுகில் சுமந்து நடக்குமே, அந்த வகை. தீபாவளி சமயத்தில் அதற்கு ஒரு கால் கழன்று விழுந்தது. அப்புறம் அதற்காக வாங்கி வைத்த கண்ணாடித் தொட்டியின் ஈர மணலுக்குள் புதைந்துகொண்டது. செத்தே போயிருக்கும் என்று நினைத்தேன். தோண்டிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. தை பிறந்தபின் ஒரு நாள் தானாக மேலே வந்தது. கால் விழுந்த இடத்தில் புதுக்கால்! வெந்த ஜவ்வரிசி நிறத்தில், மற்ற கால்களில் பாதி அளவில். உடம்பும் பெருத்திருந்தது.

பெருத்ததுதான் வினை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலையில் பார்த்தால், பழைய சங்கு போதாமல் வெளியே வந்து அம்மணமாக உட்கார்ந்திருக்கிறது. வேறு சங்கு கிடைக்காவிட்டால் காய்ந்து செத்துவிடும் என்று இணையத்தில் படித்திருந்தேன். கடலுக்குப் போய்ச் சேரவே நாலு மணி நேரம். யாழினி இட்லியைத் தொடாமல் தொட்டியருகே உட்கார்ந்துவிட்டாள்.

ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலைக்கு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர்தான் வழி சொன்னார். "காரையில சங்கா கொட்டிக் கெடக்காம். ஆபீஸ்ல சொல்லுவாங்க. கடலு வரைக்கும் எதுக்குப் போவணும்?"

எனக்கும் பளிச்சென்று பட்டது. பட்டம் வாங்கிய மூளை!

டிபன் பாக்ஸில் ஈரத்துணி விரித்து, நண்டை வைத்து, ஏழே முக்காலுக்கு அரியலூரில் பஸ் ஏறினோம். பெரம்பலூருக்கு முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து சிறுவாச்சூர் வழியாகக் காரைக்கு இன்னொரு பஸ், சுமார் இருபது கிலோமீட்டர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

"என்னம்மா, டிபனா?" என்றார் கண்டக்டர்.

"நண்டுங்க."

"வறுத்ததா?"

"உசுரோட!" என்று யாழினி கத்தினாள். அதன்பிறகு அவர் எங்கள் பக்கமே வரவில்லை.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், பூமி திடீரென்று பிளந்துகொண்டு கீழே போகிறது. சிவப்பும் வெள்ளையுமாக மடிப்பு மடிப்பாக ஓடைகள், ஒரு மரம்கூட இல்லை. தரையெல்லாம் கண்ணாடித் தூள் போல மினுக்கம். துப்பாக்கித் தோட்டா மாதிரி கற்கள், சிப்பி அச்சுகள், வரியோடிய சுருள்கள்! பாம்பு இருக்குமோ, வெயிலில் குழந்தைக்குக் காய்ச்சல் வருமோ என்ற கவலையெல்லாம் மறந்து நானும் மண்டியிட்டுத் தேடினேன். பத்தே நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அச்சு அசலான சங்கு, சரியான அளவு!

திருப்பினேன். வாய் முழுக்கக் கல். அடுத்ததும் கல். அதற்கடுத்ததும் கல். பல கோடி வருடமாகச் சேறு புகுந்து இறுகிப்போன சங்குகள். கல்லாகிவிட்டது என்று தெரிந்த எனக்கு, உள்ளேயும் கல்லாகத்தானே இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"எல்லா வூட்டுலயும் கல்லு குடியிருக்கும்மா" என்றாள் யாழினி. உதடு பிதுங்கியது.

எடுத்தவற்றை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நண்டு அசைவது குறைந்துவிட்டது. புதுக்கால் துணியில் ஒட்டிக் கிடந்தது. எதிரே குளக்கரையில் ஒரு அக்கா, அடுப்பில் ரசம் கொதிக்க, வயல் நண்டின் கால்களை ஒடித்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். யாழினி எழுந்து ஓடினாள்.

"அத்தை, அதுக்குத் திரும்ப கால் முளைக்குமா?"

"எங்கடி முளைக்கும்? வவுத்துக்குள்ளயா?" அவர் எங்கள் டப்பாவை எட்டிப் பார்த்தார். "இதென்ன இத்துனூண்டு காலு? சப்புன்னு இருக்கும், திங்க ஆவாது."

"திங்க இல்லீங்க" என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றேன். அவர் பின்னால், கறி எடுத்தபின் வீசிய நத்தைக் கூடுகள் குவியலாகக் கிடந்தன. உருண்டையாக, அகல வாயோடு, காலியாக!

"அக்கா, இதுல ரெண்டு எடுத்துக்கட்டுங்களா?"

"குப்பைய கேட்டு வாங்குற மொத ஆளு நீதாம்மா."

அதோடு விடவில்லை நான். கிருமி இருக்குமே! வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்துத் தரச் சொன்னேன்.

"சங்குக்கு ரசம் வைக்கிறியா?" என்று சிரித்தாலும் வைத்துக் கொடுத்தார். குளிர்ந்த நீரில் ஆறவைத்து டப்பாவுக்குள் வைத்தோம். மூன்று பேரும் மூச்சு விடவில்லை. முதலில் மீசை நீண்டது. பெரிய கொடுக்கு கூட்டின் வாய்க்குள் போய்த் துழாவியது. அந்த ஜவ்வரிசிக் காலும் எழுந்து விளிம்பைத் தட்டிப் பார்த்தது. அடுத்த நொடி, சடாரென்று உடம்பைச் சுழற்றி உள்ளே!

"அடி ஆத்தி! பூந்துட்டான் பாரு!" அந்த அக்கா கையைத் தட்டினார்.

குதித்து ஓய்ந்த யாழினிக்கு ஒரு டம்ளர் நண்டு ரசம் கிடைத்தது. காலை உறிஞ்சிச் சாப்பிடுகிறாள்! நான் திகைத்துப் பார்த்ததும், "அது நம்ம நண்டு, இது ரச நண்டு" என்றாள். மிளகு தூக்கலாக, நானும் இரண்டு டம்ளர் குடித்தேன்.

போகிறவர்களுக்கு: குடிதண்ணீரும் தொப்பியும் கட்டாயம், நிழலே கிடையாது. பத்து மணிக்குள் போய்விடுங்கள். மழை பெய்த மறுநாள் சரிவில் இறங்காதீர்கள். கற்களைப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். கடற்கரையில் நண்டைப் பார்த்தால் அதையும் அங்கேயே விட்டுவிடுங்கள். நாங்கள் பட்டது போதும்.

ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டீர்களா? அவசரமென்றால் பக்கத்துக் குளக்கரைக்கு ஓடுங்கள். அவசரமில்லாத ஒரு நாளில் காரைக்குப் போங்கள்.