வேலு சரிசெய்த லோரி

கரிப்புகை வாசம்... மலைக்குளிரோடு சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் பெட்ரோல் ஏது? லோரியின் பின்னால் ஒரு தகர உலை. அதில் கரி எரிந்து வரும் வாயுவில்தான் இன்ஜின் ஓடும்.

ரிங்லெட் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே லோரிக் கொட்டகையில் நானும் வேலுவும் வேலை செய்தோம். இருவருக்கும் இருபது வயது. கை அவனுக்கு. வாய் எனக்கு.

ஒருநாள் தாப்பா ஏற்றத்தில் லோரி நின்றுவிட்டது. வேலு வாயு வரும் குழாயில் காதை வைத்துக் கேட்டான். மூட்டில் மயிரிழை அளவு வெடிப்பு. ஈரக் களிமண் பூசி, சாக்கைச் சுற்றிக் கட்டினான். லோரி ஏறியது. நான் ஸ்பேனர் பிடித்ததோடு சரி.

மறுநாள் ஜப்பான் அதிகாரி வந்தான். ஈப்போ பட்டறையில் மெக்கானிக் பயிற்சிக்கு ஓர் ஆள் வேண்டுமாம்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கேட்டார், "நேத்து லோரிய சரி பண்ணது யாரு?"

வேலு கரி எடுக்கப் போயிருந்தான்.

"நாந்தாங்க."

தொழில் தெரியாதவர்களைச் சயாம் காட்டில் ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடிக்கப் போகிறார்கள் என்று முதல்நாளே என் காதில் விழுந்திருந்தது. வேலுவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

கரி மூட்டையோடு வந்தவனிடம் கிராணி கேட்டார், "இவன்தான் சரி பண்ணானா?"

வேலு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாங்க, அவன்தான்."

நான் கிளம்பும்போது வழியனுப்ப வந்தான். "போயிட்டு வா லா. கத்துக்கிட்டு வந்து எனக்கும் சொல்லிக் குடு."

ஆறு மாதம் கழித்துத் திரும்பினேன். அவனைச் சயாமுக்குக் கொண்டுபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சண்டை முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள்... எலும்பும் தோலுமாக. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். வேலு வரவில்லை.

அந்தப் பயிற்சியால்தான் பிறகு எனக்கு வேலை, வீடு, மரியாதை எல்லாம். நான் இருக்கும் தானா ராத்தா ஊரில் இன்றும் என்னை 'மெக்கானிக் ஐயா' என்பார்கள். ஒவ்வொரு முறையும் கூசிப்போகும்.

தொண்ணூறு தாண்டிவிட்டது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் இதைத் தட்டுகிறாள். அவள் தம்பி இப்போது மோட்டார் மெக்கானிக் படிப்பில் சேர்ந்திருக்கிறான். இன்ஜினை முன்னால் வைத்து, "கோளாறு என்ன, கண்டுபிடி" என்றார்களாம். கண்டுபிடித்தவனுக்குத்தான் இடம்.

அன்று எங்களையும் அப்படிச் சோதித்திருந்தால்... ஈப்போவுக்கு வேலுதான் போயிருப்பான்.