சிவக்காத நீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் விஞ்ஞானம் படித்தேன். கொழும்பில் மேற்படிப்புக்கு இரசாயனமா கணிதமா என்று முடிவெடுக்கவேண்டிய நேரம். இரசாயனத்துக்கு ஒருவரைத்தான் சிபாரிசு செய்வேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். நானும் என் வகுப்பில் படித்த குருநகர்ச் சவிரிமுத்துவும் அதற்கு ஆசைப்பட்டோம்.

ஒருநாள் அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“நீ கணிதத்தை எடு மச்சான். இரசாயனம் உனக்குச் சரிவராது.”

“ஏன்?”

“சொன்னாக் கேளன்.”

அந்த இடத்தைத் தனக்காக்கப் பார்க்கிறான் என்று எனக்குப் பட்டது. பிறகு அவன் செய்ததெல்லாம் கள்ளமாகவே தெரிந்தது. ஆய்வுகூடத்தில் என் குடுவையையே பார்த்துக்கொண்டு நிற்பான். நான் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, “போதும்” என்று முணுமுணுப்பான். என் கை நின்றுவிடும், எரிச்சல் வரும். அவன் என்னைப் பார்த்து எழுதுகிறான் என்று வாத்தியாரிடம் முறையிட்டேன். அவனை வேறு மேசைக்கு மாற்றினார்.

அடுத்த கிழமைப் பரிசோதனையைத் தனியே செய்தேன். மஞ்சள் நீர் சிவந்ததும் நிறுத்தவேண்டும். நான் விட்டுக்கொண்டே இருந்தேன்.

“தம்பி, உது சிவந்து எவ்வளவு நேரம்! உமக்குத் தெரியேல்லையோ?” என்றார் வாத்தியார்.

எனக்கு அது மஞ்சளாகவே இருந்தது.

சவிரிமுத்துவிடம் ஓடினேன். “உனக்கு முந்தியே தெரியுமோ?”

“ஓம். சொன்னா வெக்கப்படுவாய் எண்டு விட்டிட்டன்.”

அவன் என்னைப் பார்த்து எழுதவில்லை என்று வாத்தியாரிடம் சொல்லப் போனபோது, சிபாரிசுக் கடிதம் அவனுக்கில்லாமல் வேறொருவனுக்குப் போயிருந்தது.

நிறம் தெரியாதது பிறவிக் குறை என்று பின்னர் டாக்குத்தர் சொன்னார். நான் அவன்மேல் முறையிட்டதற்கும் பிறவிக் குறைதான் காரணம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.