மூடி வைத்திருந்த எண்

அந்த எண்ணை நான் திருட்டுத்தனமாகப் பார்த்து இரண்டு மாதமாகியிருந்தது. யாருக்கும் தெரியாது. விடுமுறைக்கு நன்னிலத்தில் அக்கா வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை.

பிரபஞ்சத்தின் ஆரம்ப காலத்தில் கிளம்பிய ஒளி இன்னமும் வானமெங்கும் நுண்ணலையாக வந்துகொண்டிருக்கிறது. நம் பால்வீதியின் தூசியும் அதே அலைவரிசையில் ஒளிர்ந்து குறுக்கே வரும். தூசியின் பங்கைக் கணித்துக் கழிப்பது என் வேலை. கழித்தபின் மிஞ்சும் ஆதி ஒளியின் சமிக்ஞை எவ்வளவு என்பதுதான் அந்த எண். கழிக்கும் முறை முடிவாகும்வரை கடைசி விடையை யாரும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் குழுவின் விதி. விடை தெரிந்துவிட்டால் மனசு அதற்கேற்ற முறையைத்தான் தேடும். நானும் தேடினேன். தூசியைக் கூடுதலாகக் கழித்து என் சமிக்ஞையைக் குறைத்த முறைகளில் எல்லாம் ஏதாவது குறை கண்டுபிடித்தேன்.

வெள்ளிக்கிழமை விடையைத் திறக்கிறோம், முன்பே பார்க்கவில்லை என்று எல்லோரும் எழுதிக் கொடுங்கள் என்று என் வழிகாட்டி செய்தி அனுப்பியிருந்தார். என் பிஎச்.டி. முழுவதும் அந்த எண்ணில்தான் இருந்தது. பார்த்தேன் என்றால் எல்லாம் போச்சு. பார்க்கவில்லை என்று எழுதவும் கை வரவில்லை.

வியாழன் காலை அக்கா என்னை அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். ஐந்து மா நிலத்தைத் தானே பயிரிடுவதா, குத்தகைக்கு விடுவதா என்று பூக்கட்டிப் பார்க்க வேண்டுமாம். சிவப்பு வந்தால் சொந்தப் பயிர், வெள்ளை வந்தால் குத்தகை. சிவப்பு வரவேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை. பூசாரி இரண்டு பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி அம்மன் முன் போட்டார். எடுக்கப் போன அக்கா கையை இழுத்துக்கொண்டாள். ஒரு பொட்டலத்தின் ஓரத்தில் சிவப்பு தெரிந்துவிட்டதாம்.

பரவாயில்லை, எடும்மா என்றார் பூசாரி.

"இல்லைங்க, நான் பாத்துட்டேன். இனிமே எடுத்தா அது ஆத்தா குடுத்ததா இருக்காது, நானா எடுத்துக்கிட்டதாத்தான் இருக்கும். வேற கட்டுங்க."

மறுபடி கட்டியதில் வெள்ளை வந்தது. அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கோயில் வாசலிலேயே போனை எடுத்து, "சார், நான் முன்பே பார்த்துவிட்டேன்" என்று அனுப்பினேன். உடனே நீல டிக் விழுந்தது. எப்போது என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். அதற்குப் பின் நான் செய்த திருத்தம் ஒன்றுகூடச் செல்லாது என்பது இருவருக்கும் தெரியும். வெகுநேரம் கழித்து இன்னொரு கேள்வி வந்தது.

"அதற்கு முன்னால் எத்தனை தடவை?"

இல்லை சார், அந்த ஒரு தடவைதான் என்று அடித்தேன். அது உண்மை. அதை அவர் ஏன் நம்பவேண்டும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.