எங்களுக்கா, நமக்கா?

அடையாறில் பெசன்ட் நகர் பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு சாயங்காலம் தெருப் பிரசங்கியார் ஒருவரைப் பார்த்தேன். முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, தோளில் சின்ன ஸ்பீக்கர், கையில் மைக். ஒரு வாக்கியம் முடிந்ததும் மைக்கைக் கைக்குட்டையால் துடைப்பார், வியர்ப்பது அவருக்கு இல்லை, மைக்குக்குத்தான் என்பதுபோல.

"இயேசு எங்களுக்காக ரத்தம் சிந்தினாரு!" என்று முழங்கினார்.

தமிழில் யார் தப்பு செய்தாலும் எனக்குப் பொறுக்காது. கிட்டே போனேன்.

"ஐயா, 'எங்களுக்காக'ன்னு சொன்னா நான் சேர்த்தி இல்லைன்னு ஆயிடும். 'நமக்காக'ன்னு சொன்னாதான் நானும் உள்ளே. எது சரி?"

'எங்கள் பாவங்களை மன்னியும்' என்று ஜெபித்து ஜெபித்து நாக்கில் ஒட்டிக்கொண்ட சொல்லாக இருக்கும். மனிதர் மைக்கை இரண்டு தடவை துடைத்தார்.

"நீ நம்புனா நமக்காக, பிரதர். நம்பலைன்னா எங்களுக்காக."

"நான் நம்புறதுக்கு முன்னாடியே அவர் உயிரை விட்டுட்டாரே! அப்போ மனசுல யாரை நினைச்சாராம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு பஸ் வந்து நின்றது. படிக்கட்டு வரை கூட்டம். ஸ்பீக்கரோடு முண்டியடித்து ஏறியவர், படியிலிருந்து என் பக்கம் கையை நீட்டினார்.

"ஏறு பிரதர், ஏறு! நமக்கு எடம் கீது!"

இந்தத் தடவை சொல் சரியாக விழுந்திருந்தது. திருத்த ஒன்றுமில்லாததால் கையைப் பிடித்து ஏறிவிட்டேன்.

திருவான்மியூர் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, அது பெசன்ட் நகர் பஸ்ஸே இல்லை.