தூக்குகிறவன் சுடக்கூடாது

தாமஸ் அண்ணன் போய்விட்டதை அவர் மனைவி மேரி அக்காதான் போனில் சொன்னார். "வீட்லயேதான்பா. தூக்கத்துலயே போய்ட்டாரு." அழுகைக்கு முன்னால் என் வாயில் வந்தது 'அப்பாடா'தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு விளையாட மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆம்பூரில் நாங்கள் வேலை பார்த்த ஷூ தொழிற்சாலையில் அவர் கட்டிங் சூப்பர்வைசர். வாரமெல்லாம் தோலில் கீறல் தேடிய கண், ஞாயிறு சர்ச் முடிந்ததும் சுண்டுவிரல் உயரச் சிப்பாய் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும். எல்லாம் இந்தக் காலத்துப் படை: ஹெல்மெட், துப்பாக்கி, ஜீப். யானை, ராஜா கேட்டால், "அதுக்கு செஸ் ஆடு, போ" என்பார்.

அவற்றை மேசையில் நிறுத்தி ஆட அவரே ஒரு போர் விளையாட்டை உருவாக்கியிருந்தார். அதன் விதிகளை எழுத ஒரு ஷூ பெட்டி மூடியே போதுமாக இருந்தது. ஒரு ஸ்கேல் நீளம் நகரலாம். பகடையில் ஐந்தோ ஆறோ வந்தால் எதிரி விழுவான். ஆனால் விழுந்தவனை மேசையிலிருந்து எடுக்கக்கூடாது, படுக்கவைக்க வேண்டும். அவன் ஆட்கள் இருவர் தூக்கிக்கொண்டு தங்கள் ஓரத்துக்கு வரவேண்டும். தூக்குகிறவன் சுடக்கூடாது. ஒருவனை விட்டுவிட்டு வந்தாலும் தோல்விதான்.

தையல் பிரிவு ஷபீர் ஒருநாள் கொதித்துவிட்டான். "இன்னாண்ணா, ஊரையே புடிச்சிட்டேன், தோத்துட்டேன்றியே?"

"ஊரு எங்கயும் போவாது. உன் பையன் அங்க கெடக்கிறான் பாரு, அவன யாரு கூட்டினு வர்றது?"

சென்ற மாதம் அவருக்கு நோய் முற்றி, வேலூர் ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். சாவைவிட அந்த வார்டுதான் அவரைப் பயமுறுத்தியது. "என்னய இங்கயே விட்டுடாதீங்கடா" என்று எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். மேரி அக்காவுக்கோ தைரியம் வரவில்லை. மூச்சு முட்டினால் தனியாக என்ன செய்வேன் என்று தவித்தார். நானும் ஷபீரும் மாறி மாறி வந்து இருப்பதாகச் சொன்ன பிறகே சம்மதித்தார்.

மாடி வீடு. குறுகலான படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இருவரும் தூக்கினோம். திருப்பத்தில் எங்களுக்குள் சண்டை. "உன் பக்கம் தூக்குடா!" "நீ மொதல்ல எறக்குடா!"

நாற்காலியிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "டேய், தூக்குறவன் சுடக்கூடாது."

ஷபீர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. ஜன்னலோரம் படுக்கவைத்ததும் தன் மேசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகு இருந்த நாட்களில் நிம்மதியாகத் தூங்கினார்.

அடக்கம் முடிந்தபின், ஞாபகத்துக்கு ஒரு சிப்பாயை எடுத்துக்கொள்ளச் சொல்லி அக்கா டப்பாவை நீட்டினார்.

"ஒருத்தன் பத்தாதுக்கா. மூணு பேர் குடுங்க."

அக்கா காரணம் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தேடி எடுத்துக் கொடுத்தார். இப்போது என் மேசை ஓரத்தில் ஒருவன் படுத்திருக்கிறான். தூக்கி வந்த இருவரும் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.