துட்டி வீடுகளில் என் குரல்

அந்தப் பாட்டை நான் துக்கத்துக்காகப் பாடவில்லை. கடல் தாண்டிப் போன புருஷனை ஒருத்தி வீட்டுக்குக் கூப்பிடுகிற பாட்டு அது. "போன இடம் போதும், வாங்க. கதவைச் சாத்தல, உள்ள வாங்க" என்று முடியும்.

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்துகொண்டு, திருவிழாக்களில் ஒரு மெல்லிசைக் குழுவோடு பாடிக்கொண்டிருந்தேன். குழுவில் கீபோர்டு வாசித்த அண்ணன் சிங்கப்பூரில் பல வருஷம் வேலை பார்த்தவர். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் பழைய பாட்டுகளை அங்கேதான் கேட்டிருக்கிறார். சோல் என்று அதற்குப் பேராம். நம் வார்த்தையில், நம் ஊர்க் குரலில் அப்படி ஒரு பாட்டாவது போட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

நெற்குப்பையில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டில் பதிவு செய்தோம். அந்த வீட்டு முகப்பில் பாடினால் குரல் சுவரில் பட்டு, கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வரும். அதற்காகத்தான் அண்ணன் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். உச்சி வெயில் நேரம். எங்கள் இருவரைத் தவிர உள்ளே யாரும் இல்லை. இரண்டு முறை பாடியும் அவருக்குத் திருப்தியில்லை.

"மேடையில பாடுற மாதிரி பாடாதீக. அடுத்த ரூம்ல இருக்கவுகளக் கூப்புடுற மாதிரி பாடுங்க" என்றார்.

மூன்றாவது முறை, உள்கட்டுக்குப் போகும் கதவைப் பார்த்துப் பாடினேன். கடைசி "வாங்க"வை இழுத்தபோது, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று கேட்பது போலிருந்தது. பாடி முடித்துத் திரும்பினால், அண்ணனும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் வேறு என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தோம்.

போன் வழியாகத்தான் பாட்டு பரவியது. ஆறேழு மாதம் கழித்து, திருப்பத்தூரில் ஒரு சொந்தக்காரர் இறந்ததற்குப் போனேன். தெருமுனையிலேயே என் குரல் கேட்டது. பந்தலில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் நான் பாடிக்கொண்டிருந்தேன். கீழே அவரைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா முணுமுணுத்தார்: "துட்டி வீட்டுலருந்து கெளம்புறவுககூட வர்றேன்னு சொல்ல மாட்டாக. போனவுகள வாங்கன்னு கூப்புடலாமா?" ஆனால் பாட்டை நிறுத்தச் சொல்லி யாரும் எழவில்லை. கடைசி "வாங்க" வந்தபோது, அதுவரை அழாமல் இருந்த, இறந்தவருடைய மனைவி வாசலைப் பார்த்துக் கதறினார்.

அதன் பிறகு அது நிற்கவில்லை. ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள், அந்தப் பாட்டைப் போடாவிட்டால் வீட்டுக்காரர்களே கேட்டு வாங்குவதாகச் சொன்னார்கள். புதிதாகப் பாட வருகிற பெண்களும் கடைசி எழுத்தை அதேபோல் இழுக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் கடையில், கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த அம்மாவிடம் ஓரத்தில் இருக்கும் ஜரிகையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் என் வாயையே பார்த்தார். பிறகு சேலையை மடியிலிருந்து மெதுவாக எடுத்து வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து கடையில் குறைவாகத்தான் பேசுகிறேன்.

போன வருஷம் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கடுமையான காய்ச்சல். புதுவயலில் ரைஸ்மில்லில் வேலை பார்த்தவர், திடமான ஆள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் மத்தியானம் பார்க்கப் போனேன். மகள் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறாரோ என்று மெல்ல, "அக்கா" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"என்னையத் தூக்கியாச்சா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் காதருகே குனிந்தேன். "இல்லக்கா, வீட்டுலதான் இருக்கீக" என்றேன்.

"பின்ன ஏன் அந்தப் பாட்டு கேக்குது?"

"பாட்டு இல்லக்கா. நான்தான் பேசுறேன்." அவர் கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். கை கொதித்தது. அது கன்னத்தில், மூக்கில், வாயில் தடவித் தேடியது. அவர் கண் திறக்க வெகுநேரம் ஆனது. திரும்பினால், மகள் கஞ்சிக் கிண்ணத்தோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வாசல் வரை கூடவே வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்ச நாளைக்கி வராதீக சித்தி" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் மாடியில் துணி காயப்போடும் அளவுக்குத் தேறிவிட்டார். முன்போலவே சிரிக்கிறார், குழம்பு கொடுத்து அனுப்புகிறார். ஆனால் பின்னாலிருந்து நான் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்வதில்லை. கையிலிருக்கும் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். நான் சுற்றி வந்து முகத்தைக் காட்டிய பிறகுதான், "நீயா" என்று மூச்சு விடுகிறார்.