பெரிய ஹோட்டலில் பிள்ளையோடு

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொன்னவர் யாரோ, அவர் ஒரு நாளாவது ஆயா வேலை பார்த்திருக்க மாட்டார். நான் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரர் காலத்தில், ஏற்காட்டில் துரை ஒருவர் நடத்திய பெரிய ஹோட்டலில், வெயிலுக்குப் பயந்து மலையேறி வரும் சீமான்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்து நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்திருந்ததால் கிடைத்த வேலை. காப்பி எஸ்டேட்டில் கூலியாக இருந்த என் புருஷன் மலைக்காய்ச்சலில் போய்விட்டார். மூன்று வயது மகள் பாவாயியை ஒப்படைத்துவிட்டு வர எனக்கு நாதி இல்லை. அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். வேலையையும் பிள்ளையையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு அல்லாடிய தாய்மார்களே, இதைப் படிக்கும்போது பல்லைக் கடிப்பீர்கள். கடியுங்கள், நானும் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இருக்கலாம், ஆனால்

துரை பாவாயியைப் பார்த்ததும், யாரோ சேற்றுக்காலோடு கம்பளத்தில் ஏறிவிட்ட மாதிரி முகத்தைச் சுளித்தார். சீசன் தொடங்கிவிட்டது, வேறு ஆயா அகப்படவில்லை. அதனால்தான் எங்களைத் துரத்தவில்லை. துணி வெளுக்கும் கொட்டகைக்குப் பின்னால் கரி மூட்டை அடுக்கும் அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்தார்கள்.

நிபந்தனையை எனக்குச் சொன்னவர் பட்லர். சேலத்துக்காரர். மரியாதைக்குக் குறைவே இல்லை. இடுப்பை ஒடிப்பதாக இருந்தாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் ஒடிப்பார். விருந்தாளிகளின் பிள்ளைகள் புல்வெளியில் உருண்டு ஊரைக் கூட்டுவார்கள், அதற்குப் பெயர் விளையாட்டு. என் மகள் தும்மினால்கூடப் புகார் வரும். அந்த வயதில் அவள் வாயைத் திறக்காமல் அழக் கற்றுக்கொண்டாள். பட்லர் சொன்னது இதுதான்:

"ஏனுங்க ஆயா, புள்ள இங்க இருக்கறதுக்குத் தடை ஒண்ணுமில்லீங்க. இருக்கறது தெரியக்கூடாது, அவ்வளவுதானுங்க."

கன்னத்துப் பொட்டு

மதராஸிலிருந்து ஒரு துரைசானி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை வெண்ணெய் உருண்டை போல இருந்தது. புல்வெளியில் தேநீர் குடித்த அத்தனை பேரும் அதை எடுத்து எடுத்துக் கொஞ்சினார்கள். அத்தனை கண்ணும் பட்டால் குழந்தை தாங்குமா? கன்னத்தில் சிறிதாக மை வைத்தேன். எந்தத் தாயாக இருந்தாலும் ஒரு நன்றி சொல்லியிருப்பாள்.

துரைசானி சோப்புப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் குழந்தையின் கன்னம் செங்கல் நிறமாகிவிட்டது. பிறகு அவளே, மாவுப் பானைக்குள் விழுந்த எலி மாதிரி அதன் முகம் முழுக்கப் பவுடர் அப்பினாள். அது மட்டும் சுத்தமாம். பட்லரைக் கூப்பிட்டு இங்கிலீஷில் என்னமோ படபடவென்று பொரிந்தாள். அவர் என்னிடம் நிதானமாகத் தமிழில் சொன்னார்:

"கறுப்பு ஒட்டிக்கும்னு பயப்படறாங்க. இனிமே கையக் கழுவிப்போட்டு அவங்ககிட்டக் காட்டிட்டுத்தான் புள்ளயத் தூக்கோணுமாமுங்க."

மிச்சம் யாருக்கு

பெரியவர்கள் உட்காரும் சாப்பாட்டு அறைக்குள் குழந்தைகளை விட மாட்டார்கள். சாயங்காலமே தனி அறையில் உட்கார வைத்து நான் ஊட்டி முடித்துவிட வேண்டும். வேக வைத்த கறி, மசித்த உருளைக்கிழங்கு, கடைசியில் மஞ்சளாகக் கஸ்டர்டு. ஒரு வாய்க்கு ஒரு யுத்தம். பாதிக்கு மேல் தட்டிலேயே கிடக்கும்.

கஸ்டர்டு வாசனை சுவர் தாண்டிக் கரி அறைக்கு வந்துவிடும். "அம்மா, அந்த மஞ்சள்" என்று பாவாயி என் சேலையைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் எச்சில் படாத கிண்ணம் ஒன்றை எடுத்து முந்தானையில் மறைத்தேன். பட்லர் பார்த்துவிட்டார். திருடி என்று திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கிண்ணத்தைப் பதமாக வாங்கி, துரையின் நாய்களுக்கான தட்டில் வழித்துப் போட்டார். அந்த இரண்டு நாய்களும் ஏற்கெனவே தின்று தின்று எழுந்திருக்க முடியாமல் கிடந்தன.

"கோவிச்சுக்காதீங்க. நாய்ங்களுக்கு இதுதான்னு துரை உத்தரவு போட்டிருக்காருங்க. உங்க புள்ளைக்கு உத்தரவு ஒண்ணும் இல்லீங்களே."

ராஜா சாப்பிட்டார்

துரைகள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். நம்மவர்களும் வந்தார்கள். மதராஸில் பெரிய வக்கீல் ஒருவரின் மனைவி, நாலு வயது மகனோடு வந்து இறங்கினார். பையனை ராஜா என்றுதான் கூப்பிட வேண்டும். ராஜா எதையும் சாப்பிட மாட்டார். ரொட்டியைத் தட்டிவிடுவார், பாலைத் துப்புவார். கிண்ணத்தை வைத்துக்கொண்டு நான் அவர் பின்னால் ஓடிய ஓட்டத்துக்குக் கிளியூர் அருவி வரைக்கும் போய்த் திரும்பியிருக்கலாம்.

ஒருநாள் மதியம் ஆளைக் காணோம். அலறிப் புடைத்துத் தேடினால், துணி வெளுக்கும் கொட்டகையில் பாவாயிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்து ராகிக் களி தின்றுகொண்டிருக்கிறார். "மெல்லாத, முழுங்கு" என்று என் மகள் பாடம் நடத்துகிறாள். அவரும் கீரைக் குழம்பில் தொட்டுத் தொட்டு முழுங்குகிறார். பிள்ளையின் பசி தீருகிறதே என்று நான் அதைத் தடுக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் இது நடந்தது. ராஜாவின் கன்னம் லேசாக உப்பியது. வக்கீல் வீட்டம்மாள் பூரித்துப்போனார்.

"பார்த்தியா ஆயா, குழந்தைக்கு இங்கிலீஷ் சாப்பாடு ஒத்துக்குது. நம்ம சமையலே சரியில்லைன்னு நான் அப்பவே சொன்னேன்."

பல்லைக் காட்டு

ராஜாவே போட்டுக் கொடுத்துவிட்டார். இரவுச் சாப்பாட்டுக்குக் களிதான் வேண்டும் என்று தரையில் புரண்டாராம். அம்மாள் நேராகக் கொட்டகைக்கு வந்தார். தொலைந்தோம், இன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பாவாயியை என் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அவர் கத்தவில்லை. என் மகளை முன்னால் வரச் சொன்னார். தலைமுடியைப் பிரித்துப் பேன் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பல்லைக் காட்டச் சொன்னார். சந்தையில் கிடாரி வாங்குகிறவர்கள்தான் அப்படிப் பார்த்து நான் கண்டிருக்கிறேன். மறுநாள் ஒரு பழைய கவுன் வந்தது. இத்தனை நாள் இருப்பதே தெரியக்கூடாது என்ற பிள்ளையைத் தோட்டத்து வராந்தாவுக்கே கூப்பிட்டுப் போனார்கள். ராஜா எறிந்த பந்தை அவள் ஓடி ஓடிப் பொறுக்கிக் கொடுத்தாள். துரை அதைப் பார்த்தும் பேசாமல் போனார். பெரிய விருந்தாளிக்கு வேண்டியது என்றால் சட்டம்கூட எழுந்து நாற்காலி போடும். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் அவள் எத்தனை தடவை குனிந்து நிமிர்ந்தாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாள் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார்:

"சுறுசுறுப்பா இருக்கு, சொன்னதைக் கேக்குது. களி விஷயம் மட்டும் எங்க ஊர்ல யாருக்கும் தெரிய வேண்டாம்."

துணைக்கு ஒரு பிள்ளை

அவர்கள் ஊர் திரும்பும் நாள். சேலத்துக்கு இறங்கக் கார் வந்து நின்றுவிட்டது. அம்மாள் என்னைக் கூப்பிட்டு, கடையில் கத்தரிக்காய் கேட்கிற குரலில், "பாவாயியை எங்களோட அனுப்பிடு" என்றார். ராஜாவுக்குத் துணையாக இருப்பாளாம். சோறு, துணி எல்லாம் அவர்கள் பொறுப்பாம். வளர்ந்த பிறகு வீட்டு வேலையும் பழகிக்கொள்வாளாம்.

பட்லர் என்னை ஓரமாக அழைத்து, "சாமி, நொம்பப் பெரிய எடமுங்க. சரின்னு சொல்லிப் போடுங்க. உங்களுக்கும் வேல நிலைக்கும்" என்றார். மாட்டேன் என்றால் வேலை நிலைக்காது என்பது எனக்குப் புரிந்தது. பாவாயி காரின் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம், சவாரி போகப்போகிறோம் என்று நினைத்து. அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, முடியாதுங்க என்றேன். அம்மாளுக்கு ஆச்சரியம். "உனக்கென்ன ஆயா, வயசா போயிடுச்சு? இன்னொருத்தனைக் கட்டிக்கிட்டு இன்னொண்ணு பெத்துக்கோ" என்றார்.

அதுவரை கட்டி வைத்திருந்த நாக்கு அப்போது அவிழ்ந்துகொண்டது. "உங்களுக்கும் வயசிருக்குதுங்களே. நீங்க இன்னொண்ணு பெத்துக்குங்க. ராஜாவ இங்க உட்டுட்டுப் போங்க, எம்புள்ளைக்குத் துணையா இருக்கட்டும். களியும் நல்லாத் திங்கறாருங்க" என்றேன். அம்மாள் ராஜாவின் கையைப் பிடித்து இழுத்தார். ராஜாவோ "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று குதித்தார். அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு கார் கிளம்பியது.

அதன் தூசி அடங்குவதற்குள் என் மூட்டையும் வெளியே வந்தது. கிளியூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போய்விடலாம்; அங்கே மரக்கிளையில் தூளி கட்டி எந்தப் பிள்ளையும் தொண்டை கிழிய அழலாம், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். கேட் வரைக்கும் வந்த பட்லர், துரையின் கடைசி உத்தரவை மரியாதை குறையாமல் சொல்லி அனுப்பினார்:

"இனிமே புள்ள வளக்கறதுல நல்ல பழக்கம் உள்ள ஆளாத்தான் வேலைக்கு எடுப்பாராமுங்க. ஆனா அவங்களுக்குச் சொந்தப் புள்ள இருக்கக்கூடாதாமுங்க."

அந்தப் பெரிய ஹோட்டலுக்குக் குழந்தையோடு வந்தவர்கள் எத்தனையோ பேர், ஆனால் குழந்தையோடு திரும்பிப் போவதற்கு யாரிடமாவது சண்டை போட வேண்டியிருந்தது எனக்கு ஒருத்திக்குத்தான்.